இரட்டைச் சம்பளமா, இரட்டைக் கடனா?

பிறர் வருமானத்தைக் கணக்குப் பண்ணுவதில் நம்மவர்களுக்கு உள்ள சாமர்த்தியம் வேறு எந்தக் கலையிலும் கிடையாது. தம் வீட்டு மளிகைக் கணக்கில் மாதந்தோறும் தவறுகிறவர்கூட, எதிர் வீட்டுக்காரருக்கு எந்தெந்த வழியில் எவ்வளவு வருகிறது என்பதைப் பைசாப் பிசகாமல் சொல்லிவிடுவார். இந்தக் கணக்கில் அதிகமாக அடிபடுகிறவர்கள் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள்தாம். "அவருக்கு என்ன குறை? சேவைக்கு ஒரு பென்ஷன், காது கேட்கவில்லை என்று ஒரு பென்ஷன், இப்போது உத்தியோகத்துக்கு ஒரு சம்பளம். ஒரு மனிதருக்கு மூன்று வாசல் வழியாக லக்ஷ்மி வருகிறாள்!" என்று டீக்கடைப் பெஞ்சிலும் கல்யாணப் பந்தியிலும் பேசக் கேட்கிறோம். இப்படிச் சொல்கிறவர் கெட்ட எண்ணம் உடையவராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரே கஜானாவிலிருந்து ஒரே மனிதருக்கு ஏன் பல தொகைகள் போகவேண்டும் என்ற கேள்வி நியாயமான கேள்விதான். ஆகவே, இவ்வாரம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

கேள்வி நாடு முழுவதற்கும் பொது. ஆனால், பொதுவாகப் பேசினால் ராணுவச் சட்டப் புத்தகம் போல் ஆகிவிடும். எனவே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு பார்ப்போம். பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து 1995-ல் பெரம்பலூர் ஜில்லா பிரிந்தது. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது; மறு வருஷமே மீண்டும் சேர்ந்தது; 2007-ல் மறுபடியும் பிரிந்தது. சர்க்கார் எத்தனை முறை கோடு கிழித்தாலும் பூமி ஒன்றுதான்: பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மேற்கே பருத்தியும் மக்காச்சோளமும். கிழக்கே சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும். 2011-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில், தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த ஜனங்கள் உள்ள ஜில்லா பெரம்பலூர். ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. இப்படிப்பட்ட பிரதேசத்தில், மழையை நம்பாத வருமானம் எதுவானாலும் அதற்கு மதிப்பு உண்டு. வீட்டுக்கு மூத்த பிள்ளை பட்டாளத்தில் சேருவதும், அவன் அனுப்பும் பணத்தில் தம்பி படிப்பதும் தங்கை கல்யாணம் நடப்பதும் இங்கே புதிதல்ல.

இனி, ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், ஹவில்தார் என்றே அழைப்போம். குன்னம் தாலூகாவில் ஒரு கிராமம். 1996-ல், பத்தொன்பதாம் வயதில், பீரங்கிப் படையில் சேர்ந்தார். 24 வருஷம் சேவை செய்து 2020-ல் ஓய்வு பெற்றார். அப்போது வயது 43. கடைசிச் சம்பளம் ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, அதாவது ரூ.20,000, அவருடைய சேவைக்கான பென்ஷன். பீரங்கி முழக்கத்தின் பக்கத்திலேயே இருபத்து நான்கு வருஷம் நின்றதில் அவருடைய காது மந்தமாகிவிட்டது. மருத்துவ போர்டார் சோதித்து, இது சேவையினால் ஏற்பட்டது, ஊனம் நூற்றுக்கு 30 பங்கு என்று எழுதிவிட்டார்கள்.

படைவீரர்கள் 'டிஸ்எபிலிட்டி பென்ஷன்' என்று சொல்லும் ஊன பென்ஷனின் கணக்கு இவ்வாறு: முழு ஊனமானால், கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 வீதம். நம் ஹவில்தார் விஷயத்தில் அது ரூ.12,000. ஊனம் 20 பங்குக்குக் குறைந்தால் ஒன்றும் இல்லை. 20-க்கு மேல் 50-க்குள் இருந்தால், 50 என்று வைத்துக் கணக்கிடும் முறை அவர் ஓய்வு பெற்ற காலத்தில் இருந்தது. ஆகவே, 12,000-ல் பாதி, ரூ.6,000 அவருக்குக் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து ரூ.26,000, அதன்மேல் பஞ்சப்படி. பிறகு, முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பரீட்சை எழுதி, அரியலூர்த் தபால் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகிறார். ஆரம்பச் சம்பளம் ரூ.25,500.

பார்த்தீர்களா, மூன்று வாசலும் திறந்தாயிற்று! டீக்கடைக்காரர் சொன்ன கணக்கில் பிழையே இல்லை. தொகைகள் சரி, அவற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் சரியா என்று பார்க்கவேண்டும்.

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் அயல்நாட்டுப் புத்தகங்களுக்குப் போகவேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரம் இந்த அரியலூர் ஜில்லாவில்தான் இருக்கிறது. கடல் கடந்து படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரம் அது. படைவீரனுக்கு என்ன கொடுப்பது என்பதைப் பற்றி அக்காலத் தமிழ்நாட்டார் நன்றாக யோசித்திருக்கிறார்கள். நம் கல்வெட்டுகளில் இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று, படைப்பற்று. படைத்தொழில் செய்தவர்கள் அதற்காக அனுபவித்து வந்த ஊரையும் நிலத்தையும் குறிப்பது அது. மற்றொன்று, உதிரப்பட்டி. போரிலோ ஊர் காப்பதிலோ ரத்தம் சிந்தி மாண்டவனுடைய குடும்பத்துக்கு விட்ட நிலம். அதற்கும் முந்திய நடுகற்களில் இதையே நெய்த்தோர்பட்டி என்று எழுதினார்கள். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் ரத்தந்தான்.

ஊழியத்துக்கு ஒரு சொல், உதிரத்துக்கு ஒரு சொல் என்று அவர்கள் தனித்தனியே வைத்திருந்ததை நேயர்கள் கவனிக்கவேண்டும். கூலி வாங்கியவன்தானே, அவன் ரத்தத்துக்கு வேறு எதற்காகக் கொடுப்பது என்று அவர்கள் கேட்கவில்லை. வேலை என்பது ஒரு கணக்கு. உடம்பு என்பது இன்னொரு கணக்கு.

தற்காலத்து உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. சிமெண்டு ஆலையில் ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் அகப்பட்டுப் போய்விட்டால், 1923-ம் வருஷத்திலேயே ஏற்பட்ட தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் வழியில் அவனுக்கு நஷ்ட ஈடு உண்டு. அவன் ஓய்வு பெறும்போது சேமநிதிப் பணமும் உண்டு. "கைக்குத்தான் பணம் கொடுத்துவிட்டோமே, சேமநிதியை விட்டுக்கொடு" என்று ஆலை முதலாளி சொன்னால் ஊர் சிரிக்காதா? அதே தொழிலாளி வேறோர் இடத்தில் காவல்காரனாகச் சேர்ந்தால், அந்தச் சம்பளத்தையும் எவரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். ஆலைத் தொழிலாளிக்கு நியாயமாகத் தோன்றுவது பட்டாளத்துக்காரருக்கு மட்டும் எப்படி அதிகப்படியாகும்?

நம் ஹவில்தாரின் மூன்று தொகைகளையும் இப்போது மறுபடி பார்ப்போம். முதலாவது, 24 வருஷம் செய்த வேலையின் கூலியில் பின்னால் தருவதாக நிறுத்தி வைத்த பகுதி. பென்ஷன் என்பது எஜமானர் மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல, முன் செய்த சேவைக்குரிய பாத்தியதை என்று நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1982 டிசம்பரிலேயே அழுத்தந் திருத்தமாகச் சொல்லிவிட்டது. இரண்டாவது, கேட்காமற் போன காதின் கிரயம். பேரக் குழந்தையின் மழலையை அருகில் வந்து உரக்கச் சொன்னால்தான் அவருக்குக் கேட்கும். மாதம் ஆறாயிரம் ரூபாய் அதற்கு ஈடாகுமா என்பது வேறு விஷயம். மூன்றாவது, இன்று காலையில் தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து செய்கிற வேலைக்குக் கூலி. அந்த வேலையை அவர் செய்யாவிட்டால் இன்னொருவருக்கு அதே சம்பளத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆபீஸர் பதவிக்குக் கீழே இருந்து ஓய்வு பெற்றவர் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் மறுபடி சேரும்போது, அவருடைய பென்ஷனை முழுவதும் கணக்கில் சேர்க்காமல் சம்பளத்தை நிர்ணயிக்கவேண்டும் என்பது 1986-ம் வருஷத்து உத்தரவு. கேட்பதற்குச் சலுகை போல இருக்கிறது. ஆனால், 24 வருஷ அனுபவமுள்ள நாற்பத்து மூன்று வயதுக்காரர், இருபது வயதுப் பையன் ஏறும் அதே முதல் படியில்தான் ஏறுகிறார். பழைய சேவைக்குப் பென்ஷன் கொடுத்துக் கணக்கை முடித்தாயிற்று. புதிய வேலையில் அவர் புது ஆள். கணக்கு தனி என்றால் இரண்டு பக்கமும் தனியாகத்தானே இருக்கவேண்டும்?

டீக்கடைப் பெஞ்சில் பேசுகிறவர்களை மட்டும் நாம் குறை சொல்வதற்கில்லை. நமது சர்க்காரும் வெகுகாலம் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது. மூன்று உதாரணங்கள் சொல்கிறோம்.

மறுபடி உத்தியோகம் பெற்ற முன்னாள் படைவீரருக்கு, பென்ஷன்மேல் வரவேண்டிய பஞ்சப்படியை ஒரு காலத்தில் நிறுத்தி வைத்தார்கள். உத்தியோகச் சம்பளத்தோடு ஒரு பஞ்சப்படி வாங்குகிறாரே, விலைவாசி ஒரு மனிதரை இரண்டு தடவையா தாக்கும் என்பது வாதம். வாசுதேவன் பிள்ளை வழக்கில், 1994 டிசம்பரில், சுப்ரீம் கோர்ட்டும் இந்த வாதத்தை ஒப்புக்கொண்டது. ஆனால், பஞ்சப்படி என்பது என்ன? பத்து வருஷத்துக்கு முன் நிர்ணயித்த ரூபாய் இன்று பாதிச் சாமான்தான் வாங்குகிறது என்பதற்காகத் தொகையின் மதிப்பைக் காப்பாற்றும் ஏற்பாடு. அதை நிறுத்தினால் பென்ஷனே வருஷா வருஷம் தேய்கிறது என்று அர்த்தம். கடைசியில் ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, ஆபீஸர் பதவிக்குக் கீழே இருந்தவர்களுக்கு 1997 ஜூலை 18-ந் தேதி முதல் இந்தத் தடை நீங்கிற்று. கோர்ட்டில் தோற்ற நியாயம் காரியாலயத்தில் ஜெயித்த அபூர்வ சம்பவங்களில் இது ஒன்று.

இரண்டாவது உதாரணம் விதவைகளைப் பற்றியது. பட்டாளத்தில் ஒரு பென்ஷனும், பிறகு சிவில் உத்தியோகத்தில் இன்னொரு பென்ஷனும் சம்பாதித்தவர்கள் பலர் உண்டு. அவர் உயிரோடு இருக்கும்வரை இரண்டும் வந்தன. அவர் கண்ணை மூடியதும், அவர் மனைவியிடம், "அம்மா, இரண்டில் ஒரு குடும்ப பென்ஷனைப் பொறுக்கிக்கொள்" என்றார்கள். புருஷன் இரண்டு இடத்தில் உழைத்தது உண்மை. இரண்டு பென்ஷனுக்கும் பாத்தியதை பெற்றது உண்மை. ஆனால், விதவைக்கு ஒரு வயிறுதானே என்பது போன்ற நியாயம் இது. இந்த விதி மாறி, 2012 செப்டம்பர் 24-ந் தேதியிலிருந்துதான் இரண்டு குடும்ப பென்ஷனும் கிடைக்கலாயிற்று. அதற்கான உத்தரவு 2013 ஜனவரியில் வெளியாயிற்று. அதற்கு முன்பே ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, மற்றதைக் காணாமலேயே காலமான தாய்மார்களின் பாக்கியை எந்த உத்தரவு தீர்க்கும்?

மூன்றாவது, ஊனக் கணக்கைப் பற்றியது. 30 பங்கு ஊனத்தை 50 என்று வைத்துக் கணக்கிடும் முறையைச் சொன்னோம் அல்லவா? 1996-லிருந்து ஏற்பட்ட இந்தச் சலுகை, ஊனத்தின் காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுந்தான் என்று சர்க்கார் சாதித்து வந்தது. ஊனத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு முழுக் காலமும் சேவை செய்து முடித்தவருக்கு இல்லை! நொண்டிக் காலோடு நின்றுவிட்டவருக்கு ஐம்பது, அதே காலோடு நடந்து முடித்தவருக்கு முப்பது என்பது விசித்திரமான நீதியல்லவா? ராம் அவ்தார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2014 டிசம்பர் 10-ந் தேதி இந்த வித்தியாசத்தை ஒழித்தது. அதற்கு முன் வருஷம், தரம்வீர் சிங் வழக்கில் இன்னொரு முக்கியமான விஷயத்தையும் அந்தக் கோர்ட்டு சொல்லியிருந்தது. பட்டாளத்தில் சேரும்போது சோதித்துத் திடகாத்திரமாக இருக்கிறான் என்று எழுதிக்கொண்ட பிறகு, பின்னால் வரும் நோய் சேவையினால் வந்ததென்றே முதலில் கொள்ளவேண்டும். இல்லையென்றால் அதை நிரூபிக்கும் பாரம் சர்க்காரைச் சேர்ந்தது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. செல்வத்தில் சிறந்த அமெரிக்காவிலேயே, 1891-ல் ஒரு சட்டம் செய்து, ஓய்வுச் சம்பளத்தையும் ஊனத் தொகையையும் ஒருவர் சேர்த்து வாங்கக்கூடாது என்று விதித்தார்கள். ஊனத் தொகையாக ஒரு டாலர் வாங்கினால், ஓய்வுச் சம்பளத்தில் ஒரு டாலர் குறையும். அதாவது, போரில் காலிழந்தவர் தம் பென்ஷனிலிருந்தே தம் காலுக்கு நஷ்ட ஈடு கொடுத்துக்கொண்டார்! நூறு வருஷத்துக்கு மேல் இது நடந்தது. 2004-ல் இருந்துதான், 20 வருஷ சேவையும் நூற்றுக்கு 50 பங்குக்குக் குறையாத ஊனமும் உள்ளவர்களுக்கு இரண்டையும் கொடுக்கத் தொடங்கினார்கள். அதையும் பத்து வருஷத்தில் படிப்படியாக நிறைவேற்றினார்கள். ஐம்பதுக்குக் குறைந்தவர்களை அந்தச் சட்டமும் வாசலுக்கு வெளியேதான் நிறுத்திற்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எதிர்க்கட்சியின் பேச்சைக் கேட்காமல் இருப்பது தர்மமல்ல. ஊன பென்ஷன் என்ற பெயரால் தகாதவர்கள் வாங்குவதில்லையா என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 2023-ல் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட தணிக்கை அதிகாரியின் அறிக்கை ஒன்று, 2015-லிருந்து 2020 வரையிலான வருஷங்களை ஆராய்ந்தது. ஓய்வு பெற்ற ஆபீஸர்களில் நூற்றுக்கு 36 முதல் 40 பேர் வரை ஊன பென்ஷன் பெற்றார்கள். ஆபீஸருக்குக் கீழ்ப்பட்டவர்களில் 15 முதல் 18 பேர்தான். பதுங்கு குழியில் பனியில் கிடந்தவர்களைவிட மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு ஊனம் இரு மடங்கு என்றால், எங்கோ ஒரு கோணல் இருக்கவேண்டும். ரத்தக் கொதிப்பும் சர்க்கரை வியாதியும் காரணங்களில் பெரிய பங்கு என்றும் அந்த அறிக்கை கூறிற்று. அதே வருஷம் செப்டம்பரில் சர்க்கார் புதிய விதிகளை வெளியிட்டு, பரிசோதனையை இறுக்கிற்று.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. அளப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால், அளக்கிறவர் மரக்காலைச் சரியாகப் பிடிக்கவேண்டும். பொய்க் கோரிக்கையைப் பிடிக்கவேண்டிய இடம் மருத்துவ போர்டு. அங்கே கண்டிப்பாக இருக்கட்டும். உண்மையான ஊனம் என்று போர்டார் எழுதிக் கொடுத்த பிறகு, இவருக்குத்தான் வேறு பென்ஷன் வருகிறதே என்று கையை இழுத்துக்கொள்வது அளப்பதாகாது. தவிர, மேற்படி அறிக்கையிலிருந்தே வேறொரு சந்தேகமும் எழுகிறது. கோரிக்கையை எழுதத் தெரிந்தவர்களுக்கு அதிகம் கிடைக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்குக் கிடைக்கவேண்டியதே கிடைக்காமல் இருக்குமோ?

அந்தச் சந்தேகம் குன்னத்திலும் செந்துறையிலும் நின்று பார்த்தால் வலுக்கிறது. நம் ஹவில்தாருடைய பென்ஷன் கணக்கு இருப்பது கங்கைக் கரையில், பிரயாகையில். வழக்குத் தொடுக்கவேண்டுமானால், 2007-ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட ராணுவ டிரிப்யூனலின் கிளை சென்னையில். உத்தரவுகளின் பாஷை இங்கிலீஷ். அதுவும் ராணுவக் காரியாலயத்து இங்கிலீஷ். பெரம்பலூரிலோ ரயிலே கிடையாது. இவ்வளவு தூரத்துக்கும் இடையில் ஒரு காகிதம் தவறினால், ஒருவருடைய காது, கால், முதுகெலும்பு எல்லாம் அந்தக் காகிதத்தோடு தவறிப்போகும். தாமதமும் ஆபத்து. காலங்கடந்து வந்தவருக்கு உரிமை உண்டு, ஆனால் பழைய பாக்கி வழக்குத் தொடுத்த தேதிக்கு முந்திய மூன்று வருஷத்துக்கு மேல் கிடையாது என்று தர்ஸேம் சிங் வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. பதினைந்து வருஷம் அறியாமையில் இருந்தவருக்குப் பன்னிரண்டு வருஷம் நஷ்டம்.

இந்தக் கேள்வி பழைய வீரர்களோடு முடிந்துவிடுமானால்கூட நாம் இவ்வளவு தூரம் எழுதியிருக்கமாட்டோம். 2022 ஜூன் 14-ந் தேதி அக்னிபாத் திட்டம் வந்தது. அதன்படி சேருகிற வாலிபர்களுக்கு நாலு வருஷ சேவை. முடிவில் சுமார் ரூ.11.71 லட்சம் கொண்ட சேவா நிதி; பென்ஷன் இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரை மட்டும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படலாம். சேவையினால் ஊனமானால், 100, 75, 50 என்ற மூன்று படிகளின்படி ரூ.44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என்று ஒரே தடவை கொடுக்கும் தொகை. ஊனமோ ஒரே தடவையில் தீர்வதில்லை. இருபத்து மூன்றாம் வயதில் காது போனவன், எழுபது வயது வரை காது கேளாதவனாகத்தான் இருப்பான்.

இது நமக்கு முற்றிலும் புதிய அனுபவமுமல்ல. 1939-ல் தொடங்கிய உலக யுத்தத்துக்குப் போய், யுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு, 15 வருஷ சேவை இல்லை என்ற காரணத்தால் சேவைப் பென்ஷன் கிடைக்கவில்லை. கடைசியில், அவர்கள் தள்ளாடும் வயதில், ராஜ்ய சர்க்கார் மாதாந்தர உதவித் தொகை ஏற்படுத்திக் காப்பாற்றவேண்டி வந்தது. உரிய காலத்தில் கடனாகக் கொடுக்காததை, காலங்கடந்து தர்மமாகக் கொடுத்தோம். நாளைக்கு ஜயங்கொண்டத்துப் பையன் ஒருவன் நாலு வருஷம் முடித்து ஊனத்தோடு வந்து நின்றால், அவனுக்கு என்ன கொடுப்பது என்பதை, இன்று நம் ஹவில்தாரின் பென்ஷனுக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம் என்பதே தீர்மானிக்கும். சலுகை என்று பெயர் வைத்தால் குறைக்கலாம்; கடன் என்று பெயர் வைத்தால் தீர்க்கத்தான் வேண்டும்.

நேயர்களுக்கு இதில் வேலை இல்லையா? உண்டு. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களில், இங்கிலீஷ் உத்தரவை வாசித்து அர்த்தம் சொல்லக்கூடிய ஒருவராவது இருப்பார். உங்கள் தெருவில், உங்கள் பூர்வீகக் கிராமத்தில், பட்டாளத்திலிருந்து வந்த ஒருவரோ, அவருடைய மனைவியோ நிச்சயம் இருப்பார்கள். பி.பி.ஓ. என்னும் பென்ஷன் உத்தரவை எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதார் அட்டையில் உள்ளபடி இருக்கின்றனவா? மருத்துவ போர்டாரின் தீர்மானத்தின் நகல் இருக்கிறதா? ஊன விகிதம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, பாங்கியில் எவ்வளவு வருகிறது? புருஷனுக்கு இரண்டு உத்தியோகம் இருந்திருந்தால், விதவைக்கு இரண்டு குடும்ப பென்ஷனும் வருகிறதா? வருஷந்தோறும் கொடுக்கவேண்டிய உயிர்வாழ் சான்று கொடுக்கப்பட்டதா? இந்த ஐந்து கேள்விகளைக் கேட்க வக்கீல் வேண்டாம். ஒரு மாலை நேரம் போதும். பதிலில் கோளாறு தென்பட்டால், ஜில்லாவின் முன்னாள் படைவீரர் நலக் காரியாலயத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பது அரைமணி வேலை.

இன்னொரு விஷயமும் அந்தப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஊனப் பங்கு சாதாரணமாக அவர் ஆயுளோடு முடிந்துவிடும். ஆனால், மரணமே சேவையினால் வந்த நோயினால் நேர்ந்ததென்று ஏற்றுக்கொள்ளப்பட்டால், மனைவிக்குச் சாதாரணக் குடும்ப பென்ஷனாகிய நூற்றுக்கு 30-க்குப் பதில் 60 வீதம் கிடைக்கும் விசேஷக் குடும்ப பென்ஷன் உண்டு. துக்க வீட்டில் இதையெல்லாம் யார் நினைப்பார்கள்? ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்ட பிறகு நினைத்துப் பயனில்லை. முன்னதாகவே ஒரு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தச் சொல்லவேண்டும்.

டிசம்பர் 7-ந் தேதி வரும்போது, 1949-லிருந்து நடந்து வரும் வழக்கப்படி, கொடிநாள் உண்டியலில் நாம் எல்லோரும் நாணயம் போடுகிறோம். சட்டையில் சிறு கொடியைக் குத்திக்கொள்கிறோம். நல்ல வழக்கந்தான், போடுங்கள். ஆனால், அடுத்த தடவை டீக்கடைப் பெஞ்சில் யாராவது, "அவருக்கு மூன்று சம்பளம்" என்று ஆரம்பித்தால், "இல்லை ஐயா, நாம் அவருக்குப் பட்ட கடன் இரண்டு, மூன்றாவது, அவர் இன்று காலையில் உழைத்த கூலி" என்று நேயர்கள் திருத்திச் சொல்லவேண்டும்.